தோள் நோவும் மருத்துவமும்

1846ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிலே மோட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை உறங்கச்செய்து, சத்திரசிகிச்சையின் நோவை அகற்றிக் காட்டினார். ஆயினும், உறக்கம் தெளிந்ததும் நோவு திரும்பியது. உடல் முழுவதையும் மயக்காது, வேண்டிய உறுப்பை மட்டும் மரத்துப்போகச் செய்தல் இயலாதா?

1884இல் வியன்னா வைத்தியர் கொல்லர் கொக்கெயினால் கண்ணை உணர்விழக்கச் செய்தார். அமெரிக்கரான ஹால்ஸ்ரெட் அம்மருந்தை நரம்புகளின் அருகே செலுத்தினார். தம்மீதே சோதித்தமையால் அதற்கு அடிமையுமானார். 1911இல் ஜெர்மானியரான குலென்கம்ப், காறையெலும்பின் மேலே தம்முடலிலேயே ஊசியேற்றிக் கை மரத்துப்போதலைக் கண்டார்.

1970இல் அமெரிக்க வைத்தியர் வின்னி, கழுத்துத் தசைகளுக்கிடையே தோள் நரம்புகளை அடையும் முறையை விளக்கினார். அம்முறையால் சிகிச்சைக்குப் பின்னரும் தோள் பல மணிநேரம் நோவறியாதிருக்கும். ஆனால், அப்பக்கத்து உதரவிதானமும் தளர்வதுண்டு. ஆகவே, நுரையீரல் நலிந்தோர்க்கு வைத்தியர் வேறு வழியை நாடுவர்.