வீதிப் பிரசங்கமும் நாவலரும்

1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்த அமெரிக்க மிசனரிமார், மக்கள் தேவாலயத்தை நாடி வரும்வரை காத்திருந்தாரல்லர். சந்தையிலும் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் நின்று, முன்பின் அறியாதோர்க்குத் தம் மதத்தைப் போதித்தனர், துண்டுப்பிரசுரங்களும் வழங்கினர். மதம் மாறினோர் சிலரே. எனினும் அம்முறை பிறிதோரிடத்திற் பயன்தந்தது.

1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் வெசிலியன் மிசன் பாடசாலை ஆசிரியர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். போதகர் கலையை அருகிருந்தே கண்டவர் என்பதை மறத்தலாகாது. செய்யுளைப் படித்துப் பயன்சொல்லும் புராணபடனம் முன்னரே கோயில்களில் வழங்கியது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கேட்போரை நேர்நோக்கி உரைநடையிற் பேசுவதே புதிது. இதனைச் சமயப் பூசலென்று மட்டும் எழுதுவோர், தமிழ் மேடைப்பேச்சு அப்பூசலில் உருப்பெற்றதைக் காணத் தவறுகின்றனர். பிரசங்கம் வெள்ளிதோறும் தொடர்ந்தது. கேட்டோருட் சிலர் புலாலையும் மதுவையும் விட்டனரென்பர் நாவலர் சரித்திரம் எழுதியோர்.