ரஜினிக்குத் திறக்காத ஹாலிவுட் பூட்டு

இந்த எபிசோடை லண்டன்ல ஆரம்பிச்சு நம்ம திண்டுக்கல்ல முடிக்கலாம்.

1970களின் தொடக்கத்துல இங்கிலாந்துல கிளாம் ராக் அலை. கன்னத்துல ஜிகினா, மினுக்குற சட்டை, கையில கிட்டார். அந்த அலையோட முதல் ஸ்டார் மார்க் போலன். அவரோட டி. ரெக்ஸ் குழுவுக்கு இங்கிலாந்துல நாலு பாட்டு நம்பர் ஒன். அதே ஆள் அமெரிக்கா போறார். அங்க டாப் டென் உள்ள வந்தது ஒரே ஒரு பாட்டு, 1972ல. அதுவும் பத்தாவது இடம். அவ்வளவுதான்.

நம்ம ஊர்லயும் இப்படி ஒரு கதை இருக்கு. ஆள் யாருன்னு சொன்னா நம்ப மாட்டீங்க: ரஜினிகாந்த்.

1987 தீபாவளிக்கு 'மனிதன்' வந்தப்போ ரஜினி இங்க உச்சத்துல இருந்தார். 1983ல 'அந்தா கானூன்' மூலமா இந்தியிலயும் ஒரு ஹிட் பார்த்தாச்சு. அடுத்தது ஹாலிவுட். சென்னையைச் சேர்ந்த முன்னாள் டென்னிஸ் வீரர் அசோக் அமிர்தராஜ் அங்க தயாரிப்பாளரா வளர்ந்துட்டு இருந்த நேரம். அவர் மூலமா வந்ததுதான் 1988ல வெளியான 'பிளட்ஸ்டோன்'. இயக்கம் டுவைட் லிட்டில். ரஜினிக்கு ஷியாம் சாபுங்கிற டாக்ஸி டிரைவர் வேஷம்.

திருட்டுப்போன ஒரு மாணிக்கக் கல், கடத்தப்பட்ட ஒரு அமெரிக்கப் பெண், அவளைத் தேடும் கணவன், கூட நம்ம ரஜினி. கதை நடக்குறது இந்தியாவுல. ஆனா படத்துல வர்ற இந்திய இன்ஸ்பெக்டரா நடிச்சவர் சார்லி பிரில்ங்கிற அமெரிக்க காமெடி நடிகர்! அந்தப் படம் இந்தியாவை எப்படிப் பார்த்துச்சுன்னு புரிஞ்சுக்க இந்த ஒரு விஷயம் போதும்.

படம் அமெரிக்காவுல ரஜினிக்கு எந்தக் கதவையும் திறக்கலை. அதுக்கப்புறம் அவர் ஹாலிவுட் பக்கம் போகவும் இல்லை.

ஏன் எடுபடலை? இங்கிலீஷ்தான் காரணம்னு ஈஸியா சொல்லிடலாம். எனக்கு அது சரியாப் படலை. சாஃப்ட்வேர்ல 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு ஒரு புலம்பல் உண்டு. கோடு அதேதான். ஆனா அது ஓடுறதுக்குத் தேவையான மத்த லைப்ரரி எல்லாம் நம்ம மெஷின்ல மட்டும்தான் இருக்கும். ரஜினி ஸ்டைலும் அப்படித்தான். சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்னா, திண்டுக்கல் தியேட்டர்ல விசில் பறக்கும். அந்த விசிலுக்குப் பின்னாடி 'மூன்று முடிச்சு' இருக்கு, 'முள்ளும் மலரும்' இருக்கு, கண்டக்டரா இருந்தவர் ஸ்டார் ஆன கதை இருக்கு. அமெரிக்கக்காரனுக்கு இது எதுவுமே தெரியாது. அவன் பார்த்தது ஒரு டாக்ஸி டிரைவரை மட்டும்தான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. அவரைக் கூட்டிட்டுப் போனவங்க அவரோட உலகத்தைக் கூட்டிட்டுப் போகலை. ரஜினி வெள்ளைக்கார ஹீரோவுக்குத் துணையா வந்தார். பாட்டு இல்லை, பஞ்ச் இல்லை, அவருக்காகக் காத்திருக்கிற ஓப்பனிங் சீனும் இல்லை.

பத்து வருஷம் கழிச்சு நடந்ததைப் பாருங்க. 1995ல் நமக்காகவே எடுத்த 'முத்து' 1998ல ஜப்பான்ல ரிலீஸ் ஆகுது. ஜப்பானுக்காக எதையும் மாத்தி எடுக்கலை. அதே குதிரை வண்டி, அதே துண்டு, அதே ரஹ்மான் பாட்டு. டோக்கியோவுல கூட்டம் கொண்டாடுச்சு. ஜப்பான்ல அதிகம் வசூலிச்ச இந்தியப் படம்ங்கிற சாதனை, 2022ல 'ஆர்ஆர்ஆர்' வர்ற வரைக்கும் 'முத்து' கையிலதான் இருந்தது.

அவங்களுக்கு ஏத்த மாதிரி மாறப் போன இடத்துல கதவு திறக்கலை. மாறாம போன இடத்துல திறந்துச்சு. எல்லாருக்கும் இது செட் ஆகும்னு சொல்ல மாட்டேன். போலனும் தன் பாணியை விட்டுக்கொடுத்து அமெரிக்கா போனவர் இல்லையே. அதிர்ஷ்டமும் வேணும்.

ஆனா ஒண்ணு. எங்க ஊர்ப் பூட்டுக்காரங்க சாவியை அதோட பூட்டுக்குள்ள போட்டுப் பார்த்து, அதுக்கு ஏத்த மாதிரி ராவுவாங்க. எந்தப் பூட்டுலயும் போடலாம்னு ஒரே சாவியை ராவிக்கிட்டே இருந்தா, கடைசியில அது சொந்த வீட்டையும் திறக்காது. நல்லவேளை, ரஜினி ஒரே படத்தோட திரும்பி வந்துட்டார்.