திண்டுக்கல்லில் சலவை நீரும் வடிகாலும்

சிறுமலையின் அருகே சமவெளியில் அமைந்த திண்டுக்கல் நகரில் சலவை இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வீட்டுக்குள் வந்த வரலாறு, இரண்டு குழாய்களின் வரலாறு ஆகும். ஒன்று நீரைக் கொண்டுவருவது. மற்றொன்று அழுக்கு நீரை வெளியேற்றுவது. முதல் குழாய்க்குக் கிடைத்த கவனம் இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

கிணற்றடிக் காலம்

சிறுமலையில் தோன்றும் சந்தனவர்த்தினி ஆறு குடகனாற்றில் சேர்கிறது. குடகனாறு அமராவதி வழியாகக் காவிரியை அடைகிறது. குழாய்நீர் வருவதற்கு முன் ஆற்றோரத்திலும் குளத்தங்கரையிலும் கிணற்றடியிலும் துணி துவைத்தனர். ஊராரின் துணியை உவர்மண் இட்டு வெள்ளாவியில் வைத்து வெளுக்கும் கடும் உழைப்பு வண்ணார் சமூகத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. வீட்டுத் துவைகல்லின் நீர் சிறு வாய்க்கால் வழியே கொல்லையில் உள்ள வாழைக்குப் பாய்ந்தது. அன்று தனி வடிகால் தேவைப்படவில்லை.

குழாய்நீர்

திண்டுக்கல் நகராட்சி 1866 இல் அமைந்தது. 2014 இல் மாநகராட்சியானது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் நகருக்கு முக்கியக் குடிநீர் ஆதாரமானது. பின்னர் காவிரி நீரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாக வந்தது. குழாய்நீர் நாள் முழுவதும் வராததால் தரைத்தொட்டி, மோட்டார், மாடித்தொட்டி ஆகியவை வீட்டின் உறுப்புகளாயின. பற்றாக்குறையை ஆழ்துளைக் கிணறு ஈடு செய்தது.

இயந்திரங்களின் வரவு

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அமெரிக்காவின் ஜோசபின் காக்ரன் 1886 இல் காப்புரிமை பெற்றார். இந்திய நடுத்தர வீடுகளில் சலவை இயந்திரம் பரவியது 1980களுக்குப் பிறகே. வாளியால் நீர் ஊற்றியும் இயக்கலாம் என்பதால், நீர் விட்டுவிட்டு வரும் ஊர்களுக்கு அரைத் தானியங்கி வகை ஏற்றதாக இருந்தது. முழுத் தானியங்கி வகைக்குக் குழாயில் அழுத்தம் வேண்டும். மாடித்தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 0.3 பார் அழுத்தமே கிடைக்கும்.

வெளியேறும் வழி

அரைத் தானியங்கி இயந்திரங்கள் பலவற்றில் நீர் தானாகவே தாழ்வாக வடியும். அதன் குழாய் தரையில் கிடக்க வேண்டும். பம்பு உள்ள முழுத் தானியங்கியில் வெளியேற்றுக் குழாயை உற்பத்தியாளர் சொல்லும் உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும். தரையில் போட்டால், நிரப்பும்போதே நீர் இழுபட்டு வெளியேறிவிடும். குழாயின் முனையைச் சாக்கடைக் குழாய்க்குள் காற்று புகாதபடி அடைப்பதும் தவறு. கழிவுநீர் இயந்திரத்துக்குள் திரும்பக்கூடும். வடிகாலில் நீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவும் தேவை. இலண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் 1775 இல் காப்புரிமை பெற்ற கழிப்பறை வளைவின் தத்துவமே இது.

உப்பும் நிலத்தடி நீரும்

திண்டுக்கல் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, கிணற்று நீரை உப்பாக்கியது. தோல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று வழங்கிய தீர்ப்பில் இம்மாவட்டமும் இடம்பெற்றது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம். கடினநீர் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் உப்பு இடும் அறை இருப்பது, நீரை மென்மையாக்கும் பிசினைப் புதுப்பிப்பதற்கே.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 இல் கட்டாயமானது. அதற்கென வெட்டிய குழியில் சலவை நீரை விடுவது, அதே நிலத்தடி நீரில் சோப்பைக் கலப்பதாகும். சலவை நீருக்குப் பாதாளச் சாக்கடை இணைப்போ, கிணற்றிலிருந்து விலகிய தனி உறிஞ்சுகுழியோ வேண்டும். ஆலைக் கழிவால் கெட்ட நீரை வீட்டுக் கழிவும் கெடுக்காதிருக்க, இயந்திரம் வாங்கும்போதே இரண்டாவது குழாயின் வழியையும் தீர்மானிக்க வேண்டியுள்ளது.