வேலை கடந்த கடல்: பெய்ஸ்லி நூலும் நத்தம் சட்டையும்

திண்டுக்கல் மாவட்டத்தில் இருவகைத் தையல் நடக்கிறது. நத்தத்திலும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் ஆயத்தச் சட்டைப் பட்டறைகள் இருக்கின்றன. கட்டிங், காலர், காஜா, பட்டன், அயர்னிங் என்று வேலை கைமாறிக் கைமாறிச் செல்லும். கூலி பெரும்பாலும் பீஸ் கணக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழகக் கடைகளுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போகிற சட்டைகள் இவை. மாவட்டத்தின் மறுபுறம், வேடசந்தூர்ப் பக்கம், நூற்பாலைகளும் ஏற்றுமதி ஆடை ஆலைகளும் நிற்கின்றன. அங்கே துணி, நிறம், அளவு, அனுப்ப வேண்டிய நாள், விலை எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறார். இந்த இரண்டாம் வகைத் தையல், இரு தலைமுறைக்கு முன் அந்த நாடுகளின் தொழிலாளர்கள் செய்துகொண்டிருந்த வேலை. அது கைவிட்டுப் போனதால் அந்நாடுகளின் பொருளாதாரத்துக்கு நேர்ந்தது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேலை வெளியேறியது, ஆனால் வேலையின் மீதான ஆணை, அதாவது அதைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம், வெளியேறவில்லை. விளைவுகளின் ஏற்றத்தாழ்வை இந்தப் பிளவைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும் என்பது இதன் வாதம்.

1817இல் பொருளியலாளர் ரிக்கார்டோ வகுத்த ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு, வணிகத்தால் இரு நாடுகளும் மொத்தத்தில் ஆதாயம் அடையும் என்கிறது. அந்த ஆதாயம் யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு 1941இல் ஸ்டால்ப்பரும் சாமுவேல்சனும் விடை தந்தனர்: மூலதனம் மிகுந்த நாட்டில் வணிகம் பெருகினால் உழைப்பின் ஊதியம் சரியக்கூடும். ஆக, இழப்பு இருக்கும் என்பது கோட்பாட்டாளர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆதாயம் பெற்றவர்கள் இழந்தவர்களுக்கு ஈடு செய்யலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தார்கள்' என்பதற்கும் உள்ள தூரத்தை நெடுங்காலம் போதிய அளவு யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்தவர்களில் முக்கியமானவர்கள் ஆட்டர், டார்ன், ஹான்சன் என்ற பொருளியலாளர்கள். 2013இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு அமெரிக்காவை ஒரே சந்தையாகப் பார்க்காமல், மக்கள் வேலைக்குப் போய்வரும் வட்டாரங்களாக, 722 துண்டுகளாகப் பிரித்தது. 1990 முதல் 2007 வரை அந்நாட்டு உற்பத்தித் துறையில் குறைந்த வேலைகளில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சீன இறக்குமதி காரணம் என்று கண்டது. வேலை இழப்பு முழுவதையும் வேலைப் பெயர்ச்சி என்று கொள்ள முடியாது என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்; எந்திரங்களின் பங்கும் பெரிது. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமான முடிவு வேறு. வேலை போன வட்டாரத்து மக்கள் பாடநூல் சொல்வதுபோல் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் விரைந்து மாறிவிடவில்லை. பத்தாண்டு கடந்தும் அவ்வட்டாரங்களில் ஊதியம் தாழ்ந்தே கிடந்தது. ஊனமுற்றோர் உதவித்தொகை உள்ளிட்ட அரசு உதவிகளை நம்புவோர் பெருகினர். மலிவு விலைச் சட்டையின் ஆதாயம் நாடு முழுவதும் சில டாலர்களாகச் சிதறியது. இழப்போ வட, தென் கரோலினா மாநிலங்களின் ஆலை ஊர்கள் போன்றவற்றின் தலையில் மொத்தமாக இறங்கியது. 1990இல் அமெரிக்க ஆடை ஆலைகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கிறது.

நத்தத்திலிருந்து தெற்கே பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மதுரை, வேலைக்கும் ஆணைக்கும் இடையிலான பிளவுக்கு ஒரு பழைய சான்றை வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் 1885இல் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி அம்பாசமுத்திரம் பக்கம் நூற்பாலை தொடங்கினர். அடுத்து தூத்துக்குடி, 1892இல் மதுரை. அதே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் கோட்ஸ் நிறுவனத்தின் தையல் நூலுக்குப் பேர்போனது. 1974இல் ஹார்வியின் மதுரா மில்ஸும் கோட்ஸின் இந்தியக் கிளையும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. பெய்ஸ்லியில் கடைசியாக மிஞ்சிய ஆங்கர் ஆலை 1993இல் மூடப்பட்டது. பெய்ஸ்லியின் வேலை அப்படியே மதுரைக்கு வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகும். கோட்ஸ் பல நாடுகளில் ஆலை வைத்திருந்தது. கவனிக்க வேண்டியது, நிறுவனத்துக்கும் ஊருக்கும் நேர்ந்த கதிகளின் வேறுபாடு. கோட்ஸ் இன்றும் பிரித்தானிய நிறுவனம், உலகின் மிகப் பெரிய தையல் நூல் உற்பத்தியாளர். ஒருகாலத்தில் பத்தாயிரம் பேர் அளவில் ஆலைக்குப் போன பெய்ஸ்லியில் இன்று கோட்ஸ் ஆலை எதுவும் ஓடவில்லை. பிரிட்டனின் தேசியக் கணக்கு இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் கூட்டிக் கழித்து ஆதாயம் என்று எழுதிக்கொள்ளும்.

ஆணை எங்கே தங்கியிருக்கிறது என்பதை அண்மைக் கால நிகழ்வுகள் இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றன. திண்டுக்கல் அருகே ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் பணியாற்றிய இளம்பெண் 2021இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நீதி கேட்டது. 2022இல் கையெழுத்தான 'திண்டுக்கல் ஒப்பந்தம்', ஆலையில் பாலினவழி வன்முறையைத் தடுக்கும் பொறுப்பை ஆலை உரிமையாளரோடு எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்கும் நிறுவனங்கள்மீதும் ஏற்றியது. ஆலை விதிகளை மீறினால் கொள்முதலில் விளைவு இருக்கும் என்பதே அதன் வலிமையாக இருந்தது. ஸ்டாக்ஹோமிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் முடிவெடுப்பவர்களைக் கட்டுப்படுத்தினால்தான் இங்குள்ள ஆலைத் தளம் மாறும் என்று சங்கம் கண்டுகொண்டது, பல பொருளாதார நூல்களைவிடத் துல்லியமான ஆய்வு.

சட்டையின் சில்லறை விலையில் தைத்தவரின் கூலி மிகச் சிறு பங்கு. வடிவமைப்பு, வணிகப்பெயர், விற்பனை ஆகியவற்றின் வருவாய் வாங்கும் நாட்டிலேயே சேர்கிறது. எனவே ஒரு சட்டை இடம்பெயரும்போது வளர்ந்த நாடு இழப்பது அதன் மதிப்பில் ஒரு சிறு துண்டை. ஆனால் அந்தச் சிறு துண்டில்தான் பள்ளிப்படிப்பைத் தாண்டாத பலரின் பிழைப்பு இருந்தது. எஞ்சிய பெரும்பகுதியின் வருவாய் பெருநகரத்துப் பட்டதாரிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் போகிறது. வணிகத்தால் வேலை இழந்தோருக்கு ஈடு செய்ய 1962இல் அமெரிக்கா தொடங்கிய உதவித் திட்டம்கூட 2022 ஜூலையில் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது.

ஈடு கொடுக்காத நாடு எல்லையில் வரி போடுகிறது. போட்டியைத் தடுக்கப் போடும் வரி நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலால் 1896இல் இந்திய ஆலைத் துணிக்கு 3.5 விழுக்காடு உள்நாட்டு வரி விதிக்கப்பட்டு, 1920களின் நடுவில்தான் ஒழிந்தது. அந்த வரி லங்காஷயரைக் காப்பாற்றவில்லை. 2025 ஆகஸ்டு 27இல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20. கரோலினாவின் ஆலைகள் அதனால் திறக்கப்படவில்லை. ஆர்டர்கள் வரி குறைந்த நாடுகளை நோக்கின. இங்குள்ள ஏற்றுமதியாளர்களிடம் வாங்குவோர் விலைக்குறைப்பு கேட்டார்கள். வரி வேலையின் இருப்பிடத்தை மாற்றக்கூடும். ஆணையின் வருவாயைத் தொடுவதில்லை.

நத்தம் இந்த இடத்தில் ஒப்பிட உதவுகிறது. அமெரிக்காவின் கூடுதல் வரி நத்தம் பட்டறைகளை நேராகத் தொடவில்லை. எந்தச் சட்டை, எவ்வளவு, என்ன விலை என்ற முடிவு ஊருக்குள்ளேயோ பக்கத்து நகரத்து மொத்த வியாபாரியிடமோ இருக்கிறது. இதை உயர்த்திப் பேசவும் முடியாது: பீஸ் கூலி தாழ்வு, பருவ வேலை, வருங்கால வைப்பு நிதி அரிது. ஏற்றுமதி ஆலையில் சட்டங்கள் ஓரளவு எட்டும். வீட்டு முற்றத்துத் தையலில் அவை எட்டுவதில்லை. ஆனால் ஒன்று உண்டு. இங்கே சட்டை வியாபாரி லாபம் பார்த்தால், அவர் வீடு கட்டுவதும் கடை வைப்பதும் தைப்பவர் வசிக்கும் அதே ஊரிலோ அடுத்த ஊரிலோதான். கோட்ஸின் லாபத்துக்கும் பெய்ஸ்லியின் தெருக்களுக்கும் இடையே அறுந்தது இந்தத் தொடர்பு. வளர்ந்த நாடுகளின் இழப்பை அளக்க விரும்பும் ஆய்வு, போன வேலைகளை எண்ணுவதோடு, தங்கிய லாபம் எந்த ஊரில் செலவாகிறது, எந்த ஊரில் அதற்கு வரி கட்டப்படுகிறது என்பதையும் வட்டார வாரியாகப் பதிவு செய்ய வேண்டும்.