பல் கிளினிக்கில் நான்கு கைகளின் வேலை

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் மருத்துவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இடப்பக்கம் அமர்ந்து, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கும் உதவியாளரைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால், சிகிச்சை எவ்வளவு நேரத்தில் முடியும், செய்த வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பல் மருத்துவத்தில் இதற்கு ‘நான்கு கை முறை’ என்றே பெயர். நோயாளியின் உச்சந்தலையைக் கடிகாரத்தின் 12 மணி என்று வைத்துக்கொண்டால், வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் அமர்வார். உதவியாளரின் இடம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். அவர் மருத்துவரைவிடச் சற்று உயரமாக அமர்ந்தால்தான் வாயின் உட்புறம் தெரியும். கருவிகள் முகத்துக்கு மேலாக அல்ல, மோவாய்க்குக் கீழே கைமாற வேண்டும்.

சொத்தைப் பல்லைப் பல் நிறப் பசையால் அடைப்பதையே எடுத்துக்கொள்ளலாம். பல்லின் மேல் அமிலம் தடவிச் சில விநாடிகளில் கழுவி, உலர்த்தி, ஒட்டும் திரவம் பூசி, பசையை வைத்து ஒளி பாய்ச்ச வேண்டும். இடையில் ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டும் தன்மை கெடும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த ஒரு துளியைத் தடுப்பது உதவியாளரின் கை.

மலேசியாவில் பல் மருத்துவம் நெடுங்காலமாகவே கூட்டு வேலை. நியூசிலாந்து முறையைப் பின்பற்றி, 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பலருக்கு முதன்முதலில் வாயைத் திறக்கச் சொன்னவர் அப்படிப் பயிற்சி பெற்ற தாதியாகத்தான் இருப்பார். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம், இந்தச் சிகிச்சையாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் தனியார் கிளினிக்குகளிலும் பணியாற்ற வழி திறந்தது. நாற்காலியைச் சுற்றிக் கைகள் கூடும்போது, யார் எதைச் செய்வது என்ற பேச்சும் தேவையாகிறது.

அந்தப் பேச்சுக்கு ஏற்ற நேரம், கதவு திறப்பதற்கு முந்தைய 10 நிமிடம். மருத்துவர், உதவியாளர், கவுண்டரில் இருப்பவர் என எல்லாரும் நின்றபடியே அன்றைய பெயர்ப் பட்டியலைப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் யார்? பென்சிலின் ஒவ்வாதவர் உண்டா? பல்செட் லேபிலிருந்து வந்துவிட்டதா? நம் சமூகத்தில் பரவலாக உள்ள நீரிழிவும் இங்கே பேசப்பட வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மதியம்வரை காத்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அவரைக் காலை உணவுக்குப் பிறகு முதல் ஆளாக அழைப்பதைக் கவுண்டரில் உள்ளவரே முடிவு செய்துவிடலாம்.

கருவிகளின் கணக்கும் அதே 10 நிமிடத்தில் வர வேண்டும். 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்க 3 நிமிடம் போதும் என்றாலும், சூடேறி உலர்ந்து முடிய அரை மணி நேரத்துக்கு மேலாகிவிடும். நான்கே செட் கருவி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஆறு பேருக்கு நேரம் கொடுத்தால், ஐந்தாமவர் வெளியே முனகிக்கொண்டிருப்பார். தவறு கவுண்டரில் இருப்பவருடையது அல்ல. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பழக்கத்தை உற்சாகமாகத் தொடங்கும் கிளினிக்குகள் சில வாரங்களில் கைவிடுவதும் உண்டு. பெரும்பாலும் முதலில் தாமதமாக வருபவர் மருத்துவரேதான்! ஒவ்வொரு வாரமும் ஒருவர் என முறை வைத்துக் கூட்டத்தை நடத்தினால், அது அவருக்காகக் காத்திருக்காது. புலனக் குழுவில் செய்தி போட்டுவிட்டு முடித்துக்கொள்வது இதற்கு ஈடாகாது. பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, வேலைக்குப் புதிதாய் வந்த இளம்பெண் மருத்துவரைத் தடுத்து நிறுத்துவது. பற்களுக்கு இரண்டு இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் வாயின் எந்தக் கால் பகுதி என்பதையும், இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். 36 கீழ் இடப்புறக் கடைவாய்ப் பல். 46 அதே பல், வலப்புறம். ஓர் இலக்கம் மாறினால் நல்ல பல் கையோடு வந்துவிடும். ஒரு பல் ஏற்கெனவே எடுக்கப்பட்டு, பின்னால் உள்ளது முன்னே நகர்ந்திருந்தாலும் எண்ணிக்கை பிசகும். பல் வரிசையைச் சீராக்க வேறொரு மருத்துவர் கடிதம் கொடுத்து அனுப்பும்போது, அடுத்தடுத்துள்ள 14, 15 இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்.

அப்போது கோப்பைக் கையில் வைத்திருப்பவர் உதவியாளர்தான். “டாக்டர், 14தானே?” என்று அவர் கேட்க வேண்டும். நோயாளியின் முன்னால் கேட்டால் மருத்துவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்து வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. அதனால் கேள்வியை மருத்துவரே தொடங்குவது நல்லது. மரத்துப்போகும் ஊசிக்கு முன் ஒருமுறை, குறட்டை எடுக்கும் முன் ஒருமுறை என, அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, உதவியாளர் கோப்பையும் எக்ஸ்ரேயையும் பார்த்துத் திருப்பிச் சொல்கிறார். முதல் முறை சொல்லும்போது நோயாளியும் தன் விரலால் அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டலாம். யாரும் கேட்காவிட்டாலும் காட்டலாம்.