புயலும் பள்ளிக்கூடமும்

கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அது சிறிது நீளும். எடையை நீக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டால் முழுவதும் திரும்பாது. இதை நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மனித சமுதாயத்திற்கும் இத்தகைய எல்லை உண்டா? உண்டென்றால் அதை உயர்த்த முடியுமா? வங்கதேசக் கடற்கரையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1970 நவம்பர் 12 அன்று, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அப்பகுதியைக் கடும்புயல் தாக்கியது. 3 இலட்சம் முதல் 5 இலட்சம் மக்கள் வரை மாண்டனர். காற்றைவிடக் கடல்நீரே பெரும்பாலோரைக் கொன்றது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். இது சிறிய அளவே. ஆனால் வங்கக் கடலின் வடகோடி ஆழம் குறைந்தது, புனல்போல் குறுகுவது. காற்று தள்ளிவரும் நீர் அங்கே பரவ இடமின்றிப் பல மீட்டர் உயரம் எழும்புகிறது. தாழ்ந்த வண்டல் தீவுகளில் வாழ்ந்தவர்களுக்கு ஏறி நிற்க மேட்டுநிலம் இல்லை.

1972-இல் செஞ்சிலுவை இயக்கத்தின் முயற்சியால் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது, அரசும் கைகொடுத்தது. ஊர்த் தொண்டர்கள் கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் மக்களை எச்சரித்தனர். ஆயினும் 1991 ஏப்ரல் 29 புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை பலரை எட்டியது; புகலிடங்கள்தான் போதவில்லை. மாடு கன்றுகளை விட்டுவர மனமில்லாமல் தங்கியவர்களும் உண்டு. இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

அதன்பின் தூண்கள்மீது நிற்கும் புகலிடங்கள் பெருகின. திறந்த கீழ்த்தளத்தில் வெள்ளம் தடையின்றி ஓடும். மேல்தளத்தில் மக்கள் தங்குவர். மற்ற நாட்களில் அவற்றுள் பல பள்ளிக்கூடங்கள்! நாள்தோறும் புழங்கும் கட்டடம் பழுதின்றி இருக்கும். வழியும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கால்நடைகளுக்கு மண்மேடுகள் எழுந்தன. பெண்களும் தொண்டர்களாயினர். 2007 நவம்பரில் 'சிதர்' என்னும் கடும்புயல் வந்தபோது இறந்தோர் சுமார் 3,400 பேர்.

ஆனால் 2009 மே மாத 'அய்லா' புயல் வேறொரு பாடம் கற்பித்தது. கரைகள் உடைந்து உப்புநீர் வயல்களில் புகுந்து தேங்கியது. உயிர் தப்பிய பலர் பிழைப்பின்றி ஊரைவிட்டு வெளியேறினர். உயிர் பிழைப்பது பாதி மீட்சியே. நிலமும் குடிநீரும் தொழிலும் மீண்டால்தான் அது முழுமையாகும். நீடித்த வளர்ச்சி என்பதன் பொருளும் இதுவே.

அதே வங்கக் கடலின் கரையில்தான் நாமும் வாழ்கிறோம். உங்கள் ஊரில் புயல் பாதுகாப்பு மையம் இருந்தால் ஒருமுறை சென்று பாருங்கள். அது பூட்டிக் கிடக்கிறதா, ஊருக்குப் பயன்படுகிறதா?