அம்மாவின் காலி மனையும் ஈஜிபுரா குவார்ட்டர்ஸும்

போன வாரம் ஊரிலிருந்து அம்மா போன். "நம்ம காலி மனையில பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகை போட்டிருக்காருப்பா. 12 வருஷம் ஆனா அவருக்கே சொந்தமாயிடுமாமே?" நான் இருப்பது பெங்களூர் ஈஜிபுராவில். ஊரில் இடத்தைப் போட்டுவிட்டு வந்த எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு என்பதால் இந்தப் பதிவு.

அம்மா சொன்னது பாதி சரி. சங்கதி இங்கிலாந்திலிருந்து வந்தது. நிலத்தைப் பறிகொடுத்தவர் 20 வருஷத்துக்குள் அதை மீட்க வேண்டும் என்று 1623-ல் அங்கே சட்டம் போட்டார்கள். நாளானால் சாட்சிகள் செத்துப்போவார்கள், பத்திரம் தொலையும், வழக்கு முடியவே முடியாது என்பதுதான் நியாயம். 1859-ல் வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்த சட்டத்தில் கெடு 12 வருஷம். இன்றுள்ள 1963 சட்டத்திலும் அதேதான். அரசு நிலத்துக்கு முன்பு 60 வருஷம், 1963 சட்டத்தில் 30. பத்திரங்களில் 'எதிரிடை அனுபவ பாத்தியம்' என்று வருமே, இதுதான்.

ஆனால் ஒரு முக்கியமான நிபந்தனை. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல், எல்லோருக்கும் தெரியும்படி, இடைவிடாமல் அனுபவித்திருக்க வேண்டும். அனுமதியோடு இருந்தால் எத்தனை வருஷமானாலும் பாத்தியம் வராது. வாடகைக்கு விட்ட வீடு இப்படிக் கைவிட்டுப் போகாது, கவலை வேண்டாம்.

இதைப் படித்தபோது எங்கள் ஏரியா குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. ஏழைகளுக்காக மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வீடுகள். 2003-ல் ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. பிறகு தகரக் கொட்டகை வாழ்க்கை. 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. தனியாரோடு சேர்ந்து அங்கே வணிக வளாகமும் வீடுகளும் கட்டத் திட்டம். சுமார் 1500 குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. தமிழ் பேசுகிறவர்கள் அதில் நிறைய.

பலர் வருஷக்கணக்காக அங்கேயே வாழ்ந்தவர்கள். ஆனாலும் இந்தச் சட்டம் அவர்களுக்கு உதவாது. 30 வருஷமும் ஆகவில்லை, இடமும் அரசே கொடுத்தது. அத்துமீறி வேலி போட்டவனுக்குத் திறக்கிற கதவு, கொடுத்த இடத்தில் இருந்தவர்களுக்கு மூடியே கிடந்தது!

இங்கிலாந்தில் 2003 அக்டோபரிலிருந்து முறை மாறிவிட்டது. பதிவான நிலத்தில் 10 வருஷம் இருந்தவர் விண்ணப்பித்தால், முதலில் சொந்தக்காரருக்குக் கடிதம் போகும். அவர் மறுத்தால் பெரும்பாலும் அதோடு சரி. நமக்கு அப்படி ஒரு கடிதமும் வராது.

அதனால் அம்மாவிடம் சொன்னேன்: "சண்டை வேண்டாம். 'உங்க அனுமதியோட கொட்டகை போட்டிருக்கேன், கேட்டா எடுத்துடறேன்'னு அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு."

போனை வைத்த பிறகு மனசு என்னவோ போலிருந்தது. எங்கள் மனையைக் காப்பாற்றுகிற அதே 'அனுமதி'தான் அந்தக் குடும்பங்களைக் கைவிட்டது.